கட்டாமல் விட்ட கரை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், என் செல்லங்களா. கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வந்துவிடுங்கள், நெருக்கி உட்கார்ந்தால் எல்லாருக்கும் இடம் உண்டு. இன்றைக்கு ஒரு கப்பல் கதை சொல்லப் போகிறேன். இதில் அடிதடி இருக்கிறது, ரத்தமும் இருக்கிறது. ஆனாலும் பயப்பட வேண்டாம், சிரித்த முகத்தோடுதான் உங்களை வீட்டுக்கு அனுப்புவேன். இது இனிமேல் வரப்போகிற காலத்தில் நடப்பது. அதன் வயிற்றுக்குள்ளே முந்நூறு வருஷத்துப் பழைய காலம் ஒன்று உயிரோடு இருக்கிறது.

தூத்துக்குடியில் கடற்கரைச் சாலையில் ஓர் அலுவலகம். அங்கே ஜெசிந்தா வேலை பார்த்தாள். உலகம் கட்டுகிற வேலை. நம் காலத்தில் அருங்காட்சியகத்துக்குப் போனால் கண்ணாடிக்குப் பின்னால் பொம்மை நிற்கும், பார்த்துவிட்டு வருவோம். அந்தக் காலத்தில் அப்படி இல்லை. ஒரு பெட்டிக்குள்ளே கணினியால் ஓர் ஊரையே கட்டி, அதில் மனிதர்களையும் விட்டுவிடுவார்கள். அந்த மனிதர்களுக்குப் பசிக்கும், கோபம் வரும், யோசனை ஓடும். பார்க்க வருகிறவர்கள் தலையில் ஒரு கவசத்தை மாட்டிக்கொண்டால் போதும், அந்த ஊருக்குள்ளேயே நடந்து வரலாம்.

அமெரிக்காவின் தெற்குப் பக்கத்து அருங்காட்சியகம் ஒன்று, ஓர் அடிமைக் கப்பலைக் கட்டித் தரச் சொல்லியிருந்தது. அமெரிக்கா ஒரு நாடாக ஆவதற்கு முன்னால், வெள்ளைக்காரர்களின் குடியேற்றங்களாக இருந்த காலம். ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களைப் பிடித்து, கப்பலில் அடைத்து, கரோலினா என்கிற குடியேற்றத்துக்குக் கொண்டுபோய் விற்பார்கள். “அழுகை இருக்கலாம், அடிதடி வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள்” என்று அங்கேயிருந்து சொல்லியிருந்தார்கள்.

ஜெசிந்தா கப்பலைக் கட்டினாள். புறப்பட்ட மறுநாளின் கடலைக் கொஞ்சம் கட்டினாள். நடுவில் உள்ள நாட்களை ஒரே தாவாகத் தாவி, கப்பல் போய்ச் சேருகிற கரோலினாத் துறையைக் கட்டினாள். அங்கே ஏலம் விடுகிறவன், வாங்க வந்த பண்ணைக்காரர்கள், அவர்களுடைய குதிரைகள் என்று எல்லாம் அச்சு அசலாக இருந்தன.

எல்லாம் சரி. ஆனால் அந்தக் கப்பல் மட்டும் ஒரு தடவைகூடத் துறைக்குப் போய்ச் சேரவில்லை.

முதல் ஒத்திகையில், தச்சன் வைத்துவிட்டுப் போன கோடாலியை மேல்தளத்துப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். பிழை என்று நினைத்து ஜெசிந்தா கோடாலியை அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட விட்டாள். அடுத்த தடவை உலக்கையை எடுத்தார்கள். உலக்கையையும் அழித்தாள். அதற்கடுத்த தடவை கொதிக்கிற கஞ்சியை அண்டாவோடு தூக்கி மாலுமிகள் மேல் ஊற்றினார்கள். கஞ்சியை அழிக்க முடியுமா? ஆறிப்போன கஞ்சியாக மாற்றி வைத்தாள்.

கதை நடக்கிற அன்றைக்குக் கப்பலை ஒப்படைக்கிற நாள். சாயங்காலம் அந்த அமெரிக்க அருங்காட்சியகத்திலிருந்து டெல்ஃபீன் என்கிற அம்மையார் வந்து பார்க்கப் போகிறார். காலையில் கடைசி ஒத்திகையை ஓட விட்ட ஜெசிந்தா, சற்று நேரத்தில் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள்.

“அக்கா! ஹலீமாக்கா! ஓடி வாங்க, மறுபடியும் அடிச்சிட்டாளுவ!”

ஹலீமா காயல்பட்டினத்துக்காரி. வரலாற்றுச் சங்கதிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கிற வேலை அவளுக்கு. அன்றைக்குத்தான் வெளியூரிலிருந்து வந்திருந்தாள். முந்தைய கலவரங்களை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

“யாரு யாரை அடிச்சா?”

“பொம்பளைங்க. கேப்டனை. இப்ப எத வச்சு அடிச்சாளுவன்னு பாருங்க. கோடாலி இல்ல, உலக்கை இல்ல, கஞ்சிகூட ஆறிப்போச்சு. ஆட்டத்த வச்சு அடிச்சிருக்காளுவ!”

நடந்தது இதுதான். உடம்பு விறைத்துப்போனால் விலை போகாது என்று அடிமைகளை ஆடச் சொல்லும் வழக்கம் அந்தக் கப்பல்களில் இருந்தது. கேப்டன் ஆடச் சொன்னான். அபேனா என்கிற பெண்தான் முன்னால் நின்றாள். ஒல்லியான உடம்பு, கூரான பார்வை. அவள் ஆடிக்கொண்டே ஒவ்வோர் அடியாகத் துப்பாக்கிப் பெட்டியின் பக்கம் நகர, மற்றவர்களும் கூடவே நகர்ந்தார்கள். மாலுமிகளுக்கு ஒரே கொண்டாட்டம், தாளம் தப்பாமல் கை தட்டினார்கள். அந்தக் கைத்தட்டலின் அடியில், கீழ்த்தளத்தில் ஆண்கள் சங்கிலியை உடைக்கிற சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. தச்சனுடைய சுத்தியலை முன்னமே பெண்கள் கீழே நழுவவிட்டிருந்தார்கள். கைத்தட்டல் நின்றபோது துப்பாக்கிகள் பெண்கள் கையில் இருந்தன. கேப்டன் இடுப்பிலிருந்த கத்தியில் கை வைத்தான். அபேனா துப்பாக்கிக் கட்டையால் அவன் தலையில் ஒரே அடி போட்டாள். அவன் எழுந்திருக்கவே இல்லை.

“இதுக்கு ஏன்ட்டி இப்படிப் பதறுத?” என்றாள் ஹலீமா. “எத்தனையோ கப்பல்ல இப்படித்தான் நடந்திருக்கு. ஆம்பளைங்கள கீழ சங்கிலில பூட்டிருவான். பொம்பளைங்கள மேல்தளத்துல அவுத்து விட்ருவான். துப்பாக்கிப் பெட்டியும் மேலதான் இருக்கும்.”

“ஏன்க்கா அவுத்து விடணும்?”

“பொம்பள என்ன செஞ்சிருவாங்கற நெனப்புதான். இன்னொரு காரணமும் இருக்கு. அதை என் வாயால சொல்ல மாட்டேன், ஒனக்கே தெரியும்.”

ஜெசிந்தா திரையைப் பார்த்தாள். “அப்ப இது பிழை இல்லையா?”

“பிழைதான். நீ செஞ்சது இல்ல, அந்தக் கப்பல்காரன் செஞ்சது.”

அங்கே பெண்கள் ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்களிலும் ஒருத்தி செத்துப்போயிருந்தாள், அட்வோவா என்று சின்ன வயசுக்காரி. அவளைத் துணியில் சுற்றிக் கடலில் விட்டார்கள். அப்புறம் அபேனா, உயிரோடு விட்டு வைத்திருந்த ஒரு மாலுமியைச் சுக்கானுக்கு இழுத்து வந்தாள்.

அவர்கள் பேசுவது ஜெசிந்தாவுக்கு எப்படிப் புரிந்தது என்று கேட்பீர்கள். மொழி மாற்றித் தரும் கருவி உண்டு. அது அந்த அலுவலகத்தார் பேச்சைக் கேட்டே தமிழ் படித்தது. அதனால் ஆப்பிரிக்கப் பெண்கள் எல்லாரும் தூத்துக்குடித் தமிழ்தான் பேசினார்கள்.

“கப்பலத் திருப்புல” என்றாள் அபேனா மாலுமியிடம். “சூரியன் இன்னும் உச்சிக்கு ஏறல. அது என் மூஞ்சில அடிக்கணும். தந்திரம் பண்ணி முதுகுல அடிக்க விட்டன்னு வையி, ஒன் முதுகுல நான் அடிப்பேன்.”

பக்கத்தில் நின்ற எஃபுவா சிரித்தாள். வாட்டசாட்டமான பொம்பளை, அபேனாவுக்கு மூத்தவள். “அவனுக்கு நம்ம பேச்சு புரியாதுட்டி.”

“துப்பாக்கி புரியும்லா?”

புரிந்தது. கப்பல் திரும்பியது. ஜெசிந்தா ஹலீமா பக்கம் திரும்பினாள்.

“அக்கா, அவளுவ வந்த வழியே போறாளுவ. அங்க நான் ஒண்ணுமே கட்டலியே!”

“ஏன் கட்டல?”

“திரும்பிப் போவாளுவன்னு யாரும் நெனைக்கலியே, அக்கா.”

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது. விற்கிற கரையை ஓடு ஓடாகக் கட்டினோம், பெற்ற கரையைக் கட்டவே இல்லை. இவர்களுக்கு ஒரு வீடு இருந்தது என்பது இந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

“எல்லை வந்தா கப்பல் நின்னுருமா?”

“நிக்காது. இல்லாமப் போயிரும். கப்பலு, அவளுவ, எல்லாரும். காத்து இப்படியே அடிச்சா மத்தியானத்துக்குள்ள.”

“கொஞ்சம் நிறுத்தி வையேன்.”

“எரியுற தீய நிறுத்தி வைக்க முடியுமாக்கா? அணைக்கலாம், மறுபடி பத்த வைக்கலாம். ஆனா அது வேற தீ. இந்த அபேனா போயிருவா. புதுசா ஒருத்தி சங்கிலிச் சத்தத்துக்குள்ள கண்ணு முழிப்பா. நான் இத்தன நாளும் அதத்தானே செஞ்சிருக்கேன்!”

அந்த நேரம் பார்த்து ஆவுடையப்பன் உள்ளே வந்தார். அலுவலகத்துக்கு முதலாளி. டெல்ஃபீன் அம்மையாருக்குப் போட வைத்திருந்த சம்பங்கி மாலை கையில் இருந்தது.

“என்ன ரெண்டு பேரும் பேயடிச்ச மாதிரி நிக்கீங்க? ஏ ஜெசி, கப்பல் எங்க? துறைக்குக் கெளம்பிட்டா?”

“கெளம்பிட்டு சார். வேற துறைக்கு.”

விஷயத்தைச் சொன்னார்கள். அவர் மாலையை மேஜையில் போட்டார். “வெளாடுதீங்களா? சாயங்காலம் அந்தம்மா வாராங்க. முதல்லருந்து ஓட்டு.”

“என்னால முடியாது சார்” என்றாள் ஜெசிந்தா. நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டாள். “நீங்களே அமுக்குங்க. இதுதான் பொத்தான்.”

அவர் விறைப்பாக உட்கார்ந்து விரலை நீட்டினார். திரையில் அப்போது கீழ்த்தளத்து ஆண்கள் ஒவ்வொருவராக வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஏறி வந்தார்கள். எஃபுவா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். ஓர் ஆளைப் பிடித்து நிறுத்தி, தலையிலிருந்து கால் வரைக்கும் தடவிப் பார்த்தாள். அவள் புருஷன்.

“ஏன் இவ்வளவு நேரம்?” என்றாள் அழுதுகொண்டே.

“சங்கிலில கட்டியிருந்தாவட்டி.”

“ஆமா, இது ஒரு சாக்கு. எதுக்குக் கூப்பிட்டாலும் ஒரு சாக்கு. ஊர்லயும் இப்படித்தான்.”

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “எங்க வீட்டுல பேசுத மாதிரியே இருக்கே” என்றவர், விரல் இன்னும் பொத்தானின் மேலேயே நிற்பதைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. சூடான பாத்திரத்திலிருந்து எடுப்பதைப்போலக் கையை எடுத்தார்.

“ஒரு கரை கட்ட எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டார்.

அப்புறம் அந்த அலுவலகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே நீங்கள்! கல்யாண வீட்டுச் சமையல்கட்டு தோற்றது. கடலைக் கட்டுவது சுலபம். கப்பலுக்கு முன்னால் பாய் விரிப்பதுபோல ஜெசிந்தா விரித்துக்கொண்டே போனாள். கரைதான் பெரும்பாடு. இந்தப் பெண்களின் ஊர் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? நல்ல வேளையாக, வீட்டுக்குப் போகிற சந்தோஷத்தில் அவர்கள் ஊரைப் பற்றித்தான் வாய் ஓயாமல் பேசினார்கள். இவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு, கேட்கக் கேட்கக் கட்டினார்கள்.

“ஆத்து வாயில ஒரு பாறை இருக்குல்லா, ஒக்காந்த யானை மாதிரி” என்றாள் அபேனா.

“யானையா? ஒக்காந்த எங்க மாமியா மாதிரின்னு சொல்லு” என்றாள் எஃபுவா.

ஜெசிந்தா தலையில் கை வைத்தாள். “யானையா, மாமியாளா? யாராச்சும் ஒரு முடிவுக்கு வாங்களேன்!” கடைசியில் இரண்டுக்கும் நடுவாக ஒரு பாறையை வைத்தாள். ஆறு வந்தது. வள்ளிக்கிழங்குத் தோட்டம் வந்தது. சிவப்பு மண் பாதை வந்தது. ஆவுடையப்பன் சட்டைக் கையை மடித்துவிட்டு, மணலில் நண்டு விடும் வேலையை எடுத்துக்கொண்டார். “மணப்பாட்டுல எங்க சித்தப்பா வீட்டுப் பக்கம் இப்படித்தான் ஓடும்” என்று விட்டுக்கொண்டே இருந்தார்.

“போதும் சார், காலு வைக்க எடம் விடுங்க” என்றாள் ஜெசிந்தா.

ஹலீமா திரைக்கு முன்னால் குனிந்தாள். “கரை வந்துட்டு. கரையில யாரு நிப்பா?” என்றாள்.

ஜெசிந்தாவின் கை நின்றது. அபேனாவுக்கு ஒரு மகள் உண்டு. நடக்கப் பழகுகிற வயசில் விட்டுவிட்டு வந்தாள். கப்பலில் அதை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், சொல்லிவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“செஞ்சிரலாம்கா. அந்தப் பிள்ளைய அந்தப் பாதையில நிக்க வைக்கேன்.”

“எந்தப் பிள்ளைய? ஒனக்கு அது மூஞ்சி தெரியுமா? ஒரு பொம்மையச் செஞ்சு, இதான் நீ பெத்ததுன்னு அவ இடுப்புல ஏத்தப் போறியா? அதுவும் ஒரு சங்கிலிதான்ட்டி. மெத்துன்னு இருக்கும், அவ்வளவுதான்.”

“அபேனாவே நாம செஞ்சவதானே?” என்றார் ஆவுடையப்பன் தயங்கித் தயங்கி.

“ஆரம்பத்துல சார்” என்றாள் ஜெசிந்தா. “கப்பலத் திருப்புனாளே, அதை நான் செய்யல.”

கரையை ஆளில்லாமலே விட்டார்கள். அதைவிடக் கஷ்டமான வேலை அன்றைக்கு வேறு இல்லை.

வெயில் சாயத் தொடங்கும்போது கப்பல் நங்கூரம் போட்டது. படகில் முதலில் வந்தவள் அபேனா. முழங்கால் தண்ணீரில் குதித்து, மணலில் ஏறி, ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தாள். அலுவலகத்தில் மூன்று பேரும் திரைக்குக் கிட்டே வந்தார்கள். அவள் சிரிப்பாள், அழுவாள், விழுந்து கும்பிடுவாள் என்று காத்திருந்தார்கள்.

அவள் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினாள்.

“என்னட்டி?” என்றாள் பின்னாலேயே வந்த எஃபுவா.

“பாறையப் பாரு. நான் சொன்ன மாதிரியும் இருக்கு, நீ சொன்ன மாதிரியும் இருக்கு.”

“அதுக்கென்ன?”

“நாம சொன்னதெல்லாம் இங்க இருக்கு. சொல்லாதது ஒண்ணுகூட இல்ல. எங்கம்மா வீட்டு முன்னால இந்தா பெரிய இலவ மரம் ஒண்ணு நிக்கும், கடல்லருந்தே தெரியும். அத நான் கப்பல்ல சொல்ல மறந்துட்டேன். மரம் இல்ல.” அவள் மெல்ல வானத்தைப் பார்த்தாள். “யாரோ ஒட்டுக் கேட்டிருக்காவ.”

அத்தனை துப்பாக்கிகளும் மேலே உயர்ந்தன. அலுவலகத்தில் எல்லாரும் மேஜைக்கு அடியில் குனிந்தார்கள். ஆவுடையப்பன்தான் முதலில் குனிந்தார்.

“யாரு அது?” என்றாள் அபேனா. குரலில் பயம் இல்லை. “யாரா இருந்தாலும் கேளு. வழி விட்டதுக்குச் சந்தோசம். கரை நல்லாத்தான் இருக்கு. நண்டுதான் கொஞ்சம் அதிகம்.”

ஆவுடையப்பன் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

“எம் பிள்ள இங்க இல்ல. இருக்குத மாதிரி ஏமாத்தாம விட்டியே, அதுக்காகத்தான் நல்லபடியாச் சொல்லுதேன். இப்பவே போயிரு. நாங்க சாப்பிடுததையும் தூங்குததையும் ஒருத்தரும் பாத்துக்கிட்டு இருக்கக் கூடாது. பாத்துக்கிட்டே இருக்கற ஆளும் காவக்கார ஆளுதான். போகலன்னா ஒன்னையும் சுடுவேன். எப்படின்னு இப்பத் தெரியாது. கண்டுபிடிச்சிருவேன்.”

அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்பதில் ஜெசிந்தாவுக்குச் சந்தேகமே இல்லை. அவளிடம் எவ்வளவோ சொல்ல வேண்டும்போல இருந்தது. கோடாலியையும் உலக்கையையும் அழித்தது நான்தான் என்று சொல்ல வேண்டும். இலவ மரத்தை இப்போதே வைத்துத் தருகிறேன் என்று சொல்ல வேண்டும். எதையும் சொல்லவில்லை. அவர்கள் நட்டால் முளைக்கும்படி, நடந்தால் பாதை நீளும்படி, அந்த உலகத்தை அவர்கள் கையிலேயே விட்டுவிட்டு, தன் கையைக் கட்டிக்கொண்டாள். பிறகு பார்க்கிற கண்ணை அணைத்தாள். கேட்கிற காதை அணைத்தாள். கடைசியாகக் கேட்டது எஃபுவாவின் குரல்: “சரி, யாரு அடுப்பு மூட்டுதா? ஏ, நீதான், சாக்குச் சொல்லாதே.”

திரை கறுத்தது. பெட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ஆவுடையப்பன் அதைப் பின்னறையில் கொண்டுபோய் வைத்து, மின்சாரம் போனாலும் நிற்காதபடி ஏற்பாடு செய்து, மேலே ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார். “இதை எவனாச்சும் தொட்டான், அவ்வளவுதான்” என்றார்.

“டெல்ஃபீன் அம்மாவுக்கு என்ன சார் காட்ட?” என்றாள் ஜெசிந்தா.

கையில் மிச்சம் இருந்தது கரோலினாத் துறை மட்டும்தான். வேறு பெட்டியில் அது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் அதையே காட்டினார்கள்.

டெல்ஃபீன் அம்மையார் கறுப்பினத்துப் பெண்மணி. நல்ல உயரம், நரைத்த தலை, களைத்த முகம். கவசத்தை மாட்டிக்கொண்டு துறையில் நின்றார். ஏலக்காரன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கடலைப் பார்த்தான். பண்ணைக்காரர்கள் நிழல் தேடி நகர்ந்தார்கள். குதிரைகள் பொறுமை இல்லாமல் காலை உதைத்தன. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

“கப்பல் எங்கே?” என்று கேட்டார்.

“வரவில்லை அம்மா” என்றாள் ஹலீமா. “பெண்கள் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.”

“எங்கே?”

“வீட்டுக்கு. பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.”

டெல்ஃபீன் அம்மையார் கவசத்தைக் கழற்றினார். மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஆவுடையப்பன் மாலையைப் போடுவதா, ஒளித்து வைப்பதா என்று தெரியாமல் நின்றார். அம்மையார் கவசத்தை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

“உட்கார ஏதாவது நாற்காலி இருந்தால் போடுங்கள்” என்றார். “இந்த ஆட்கள் காத்திருப்பதை நான் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். இப்படி ஒரு துறையில் விற்கப்பட்டது எங்கள் குடும்பம். எத்தனையோ பேர் இதைப் பார்க்காமலே போய்விட்டார்கள்.”

ஜெசிந்தா தன் நாற்காலியைப் போட்டாள். அங்கே ஏலக்காரன் கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டுக் கடலைப் பார்த்துப் பல்லைக் கடித்தான். அம்மையாரின் தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து ஜெசிந்தா தண்ணீர் எடுக்க ஓடினாள். திரும்பி வருவதற்குள் அம்மையாரின் சிரிப்பு கடற்கரைச் சாலை வரைக்கும் கேட்டது.

கேட்டுக்கொண்டிருந்த என் செல்லங்களா, நேரமாகிவிட்டது, கிளம்புங்கள். உங்கள் வீட்டிலிருந்து வெளியே போனவர்கள் எல்லாரும் நல்லபடியாகத் திரும்பி வரட்டும். வருகிறவர்களுக்கு வாசலில் ஆள் நிற்கட்டும், அடுப்பில் சோறு இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெண்களின் காலில் கொலுசைத் தவிர வேறெதையும் யாரும் கட்டாதிருக்கட்டும். உங்கள் கூரைக்குக் கீழே சிரிப்பு குறையாமல், குலம் தழைத்து, மகராசியாக, மகராசனாக இருங்கள்.